டியகோ கார்சியா: குடிகள் இல்லை என்று எழுதப்பட்ட தீவு

'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அதே கப்பல்தான் அக்டோபர் 28-ஆம் தேதி விடியலில் பினாங்குத் துறைமுகத்திற்குள் புகுந்து, ஜெம்சுக் என்னும் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. சென்னைச் சம்பவமும் பினாங்குச் சம்பவமும் பலருக்குத் தெரியும். இடைப்பட்ட ஐந்து வாரங்களில் அந்தக் கப்பல் எங்கே நிலக்கரி நிரப்பியது, எங்கே இளைப்பாறியது என்பது அவ்வளவாகத் தெரியாது.

அக்டோபர் 9-ஆம் தேதி எம்டன் டியகோ கார்சியா என்னும் சிறு தீவில் நங்கூரமிட்டது. தீவு பிரிட்டனுக்குச் சொந்தம். பிரிட்டனும் ஜெர்மனியும் இரண்டு மாதங்களாகப் போரில் இருந்தன. ஆனால் அந்தச் செய்தி தீவுக்கு வந்து சேரவில்லை. தபால் கப்பல் எப்போதாவதுதான் வரும். ஆகவே தீவில் இருந்தவர்கள் எதிரியின் கப்பலை விருந்தாளியாகவே வரவேற்றார்கள். ஜெர்மானியர்களும் போரைப் பற்றி வாய் திறக்காமல், கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, நிலக்கரி ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் தோட்ட நிர்வாகியின் பழுதடைந்த மோட்டார் படகையும் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இது வேடிக்கையான கதைதான். ஆனால் இதில் ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1914-இல் அந்தத் தீவில் மக்கள் இருந்தார்கள். தோட்டம் இருந்தது, தேவாலயம் இருந்தது, இடுகாடு இருந்தது. அதன் பிறகு ஐம்பதே ஆண்டுகளில் லண்டன் அதிகாரிகள், அங்கே நிரந்தரக் குடிமக்கள் என்று யாருமே இல்லை என்று கோப்பில் எழுதினார்கள். இன்று இந்தியப் பெருங்கடலின் நடுவே நிற்கும் மாபெரும் அமெரிக்க இராணுவத் தளத்தின் சட்ட அடித்தளம் அந்த ஒரு வரிதான்.

யார் அந்த மக்கள்?

டியகோ கார்சியா, சாகோஸ் தீவுக் கூட்டத்தின் மிகப் பெரிய தீவு. கன்னியாகுமரியிலிருந்து தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர். மொரிஷியஸ் அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல். பெரிய தீவு என்றாலும் நிலப்பரப்பு சுமார் 27 சதுர கிலோமீட்டர்தான். சிங்கப்பூரின் உபின் தீவைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வானத்திலிருந்து பார்த்தால் ஒரு காலடித் தடம் போல் இருக்கும். நடுவில் ஆழமான கடற்காயல். எத்தனை பெரிய கப்பலும் உள்ளே வந்து பாதுகாப்பாக நிற்கலாம். தீவின் தலையெழுத்தை மாற்றியதும் இந்தக் காயல்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் மொரிஷியசிலிருந்து அங்கே தென்னந்தோட்டம் போட்டார்கள். உழைப்பதற்கு மொசாம்பிக், மடகாஸ்கர் பகுதிகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கையில் மொரிஷியசும் அதைச் சேர்ந்த தீவுகளும் பிரிட்டன் கைக்கு வந்தன. 1835-இல் அடிமை முறை ஒழிந்ததும், தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து, குறிப்பாகத் தென்னிந்தியாவிலிருந்து, சஞ்சிக்கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். இந்த இரண்டு கூட்டமும் கலந்து, கிரியோல் மொழி பேசிக்கொண்டு, தேங்காய் உரித்துக் கொப்பரை காயவைத்து, மீன் பிடித்து, தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகமாயின. அவர்களைத்தான் சாகோசியர்கள் என்கிறோம்.

வீடு இருந்தது, வீட்டைச் சுற்றிக் கொல்லை இருந்தது, கோழி இருந்தது, நாய் இருந்தது. ஆனால் நிலம் மட்டும் அவர்கள் பேரில் இல்லை. நிலம் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாத்தா பிறந்த லயம், அப்பா பிறந்த லயம், பிள்ளை பிறந்த லயம். ஆனாலும் ஏட்டில் எல்லாரும் வேலையாட்கள். சாகோசில் அந்த ஏடுதான் பின்னாளில் ஆயுதமாகப் பயன்பட்டது.

சிங்கப்பூர் தளம் மூடியபோது

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கவலை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் அடைகின்றன. புதிய அரசாங்கங்கள் அந்நியத் தளங்களை விரும்பவில்லை. அப்படியானால் மக்கள் தொகை குறைந்த, எந்தச் சுதந்திர இயக்கமும் எழ முடியாத தூரத்துத் தீவுகளை இப்போதே கைப்பிடித்துவிட வேண்டும் என்று திட்டமிட்டார்கள். பிரிட்டனோ செலவு தாங்காமல் கிழக்கிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. செம்பாவாங் கடற்படைத் தளம் உள்பட சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்த படைகளை 1971 முடிவுக்குள் திரும்பப் பெறப் போவதாகப் பிரதமர் ஹெரால்டு வில்சன் 1968 ஜனவரியில் அறிவித்தது இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எத்தனையோ குடும்பங்களின் சோறு அந்தத் தளத்தை நம்பியிருந்தது. இங்கே கதவு சாத்தப்பட்ட அதே 1971-ஆம் ஆண்டில்தான் டியகோ கார்சியாவில் அமெரிக்கக் கட்டுமானப் படை கரையிறங்கியது.

அதற்கான காகித வேலை முன்னதாகவே முடிந்திருந்தது. சாகோஸ் அதுவரை மொரிஷியஸ் காலனியின் ஒரு பகுதி. மொரிஷியஸ் சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்தது. சுதந்திரம் கொடுப்பதற்கு முன் சாகோசைக் கழற்றிவிட வேண்டும். 1965 செப்டம்பர் 23-ஆம் தேதி லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் பேச்சு நடந்தது. மொரிஷியஸ் தரப்பின் தலைவர் சர் சிவசாகர் ராம்கூலம். அன்று காலை அவரைச் சந்திக்கவிருந்த வில்சனுக்கு அதிகாரிகள் கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளியானது. சுதந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும், ஒத்துவராவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். மாலைக்குள் மொரிஷியஸ் இணங்கியது. இழப்பீடு 30 லட்சம் பவுண்டு. தற்காப்புக்குத் தேவைப்படாத காலம் வரும்போது தீவுகள் மொரிஷியசிடம் திருப்பித் தரப்படும் என்று ஒரு வாக்குறுதி.

அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி ஓர் அரச கட்டளை. நாடாளுமன்ற விவாதம் இல்லை. 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்னும் புதிய காலனி பிறந்தது. உலகெங்கும் காலனிகள் மறைந்துகொண்டிருந்த நாளில் பிரிட்டன் புதிதாக ஒன்றை உண்டாக்கியது. ஐ.நா. பொதுச்சபை சும்மா இருக்கவில்லை. மொரிஷியசின் நில ஒருமைப்பாட்டைச் சிதைக்கும் எதையும் செய்யக்கூடாது என்று டிசம்பர் 16-ஆம் தேதி 2066-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. லண்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பின்னர் 1966 டிசம்பர் 30-ஆம் தேதி பிரிட்டனும் அமெரிக்காவும் கடிதப் பரிமாற்ற முறையில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தீவுகள் 50 ஆண்டுகளுக்கு இரு நாடுகளின் தற்காப்புத் தேவைக்கு. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் மேலும் 20 ஆண்டுகள். வாடகை கிடையாது. கியூபாவின் குவாண்டானாமோ தளத்திற்காவது அமெரிக்கா ஆண்டுதோறும் காசோலை அனுப்புகிறது, கியூபா அதை மாற்றுவதில்லை. டியகோ கார்சியாவுக்கு அந்தச் சடங்குகூட இல்லை. ஆனால் திரைமறைவில் ஒரு கணக்கு இருந்தது. பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைகளுக்கான ஆராய்ச்சிக் கட்டணத்தில் 1 கோடியே 40 லட்சம் டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. இந்த விவரம் அமெரிக்கக் காங்கிரசுக்கும் சொல்லப்படவில்லை, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கும் சொல்லப்படவில்லை. 1975-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

ஒரு வரியின் வேலை

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஒரு காலனியில் மக்கள் இருந்தால் பிரிட்டனுக்கு என்ன சங்கடம்? எத்தனையோ காலனிகளை அது ஆண்டிருக்கிறதே.

சங்கடம் ஐ.நா. சாசனத்தின் 73-ஆவது பிரிவில் இருந்தது. சுயாட்சி பெறாத பிரதேசங்களை வைத்திருக்கும் நாடு, அங்குள்ள மக்களின் நலனே முதன்மை என்று ஏற்க வேண்டும். அவர்களைப் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். மக்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் அவர்களுக்கு உரிமை உண்டு, வாக்கு உண்டு, ஒருநாள் சுதந்திரமும் உண்டு. மக்கள் இல்லை என்றால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆகவே அங்கிருப்பவர்கள் மொரிஷியசிலிருந்தும் சீஷெல்சிலிருந்தும் தற்காலிகமாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் மட்டுமே என்று சொல்வதென்று 1960-களின் நடுவில் வெளியுறவு அமைச்சில் முடிவானது. அங்கேயே பிறந்தவர்கள், பெற்றோரும் அங்கேயே பிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அதே கோப்புகள் ஒப்புக்கொள்கின்றன. கடற்பறவைகளைத் தவிர அங்கே மண்ணின் மைந்தர் யாரும் இருக்கமாட்டார்கள் என்று ஓர் உயர் அதிகாரி கிண்டலாகக் குறிப்பு எழுதினார். அதற்குப் பதில் எழுதிய இன்னொருவர் அந்த மக்களை டார்சான்கள் என்றும் ராபின்சன் குரூசோ கதையில் வரும் வேலையாள் என்றும் எள்ளி நகையாடினார். தங்கள் கோப்பு முப்பது சொச்சம் ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் என்று இருவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

வரி எழுதியாயிற்று. இனி தீவை அந்த வரிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். 1967-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் 6 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டுக்குத் தோட்டங்களை வாங்கியது. மறு ஆண்டு, மொரிஷியசுக்கு வைத்தியத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் வந்தவர்களுக்குத் திரும்பிப் போகக் கப்பலில் இடம் மறுக்கப்பட்டது. பெரோஸ் பன்யோஸ் தீவைச் சேர்ந்த ரீத்தா பாங்கூல் அப்படி வந்தவர்களில் ஒருவர். வண்டிச் சக்கரம் ஏறிக் காலில் காயம்பட்ட மகளை 1968-இல் மொரிஷியஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். மகள் பிழைக்கவில்லை. துக்கத்தோடு ஊர் திரும்பக் கப்பல் கேட்டபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிப் போக முடியாது என்று பதில் வந்தது. கூடவே வந்த மகன் ஒலிவியேவுக்கு அப்போது வயது நான்கு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்தவர்களுக்கு அரிசி, மாவு, மருந்து வரத்துக் குறைந்தது. 1971 மார்ச்சில் அமெரிக்கக் கட்டுமானப் படை இறங்கியது. ஏப்ரலில் ஒரு குடிநுழைவுச் சட்டம் வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் சாகோசில் தங்கக்கூடாது என்றது. பிறந்த வீட்டில் இருக்க சீட்டு வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதே ஆண்டு ஆணையர் சர் புரூஸ் கிரேட்பேட்ச் கட்டளைப்படி தீவின் வளர்ப்பு நாய்கள் அனைத்தும் கொல்லப்பட்டன. கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அவற்றை அடைத்து, இராணுவ வாகனங்களின் புகையைச் செலுத்தினார்கள். ஏறக்குறைய ஆயிரம் நாய்கள். அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், அடுத்தது நாமோ என்று பயந்ததாகப் பின்னாளில் சொன்னார்கள்.

'நோர்ட்வேர்' என்னும் சரக்குக் கப்பலில் ஆட்களை ஏற்றினார்கள். ஒரு பெட்டி, ஒரு பாய் அளவுக்கே சாமான். 1971 முடிவதற்குள் டியகோ கார்சியா காலியானது. 1973-க்குள் பெரோஸ் பன்யோஸ், சாலமன் தீவுகளும் காலியாயின. மொத்தம் 1,500-லிருந்து 2,000 பேர். மொரிஷியஸ், சீஷெல்ஸ் துறைமுகங்களில் இறக்கிவிடப்பட்டார்கள். காசு புழங்காத வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் போர்ட் லூயிஸ் நகரின் தகரக் கொட்டகைகளில் கூலி தேடினார்கள். முதல் இழப்பீடான 6 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டை 1972-இல் மொரிஷியஸ் அரசாங்கம் பெற்றுக்கொண்டது; அது மக்களின் கைக்கு வந்தது 1978-இல். 1982-இல் மேலும் 40 லட்சம் பவுண்டு, அதற்குள் சாகோசியப் பெண்கள் தெருவில் இறங்கி உண்ணாவிரதம் இருந்து அடிபட்டிருந்தார்கள். அந்தப் பணத்தை வாங்கியபோது, ஆங்கிலச் சட்ட மொழியில் எழுதிய தாளில் பலர் கைநாட்டு வைத்தார்கள். ஊர் திரும்பும் உரிமையையே விட்டுக்கொடுக்கும் தாள் அது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

தளம் வளர்ந்த கதை

தொடக்கத்தில் அது எளிய தகவல் தொடர்பு நிலையம் என்றுதான் சொல்லப்பட்டது. 1979-இல் ஈரானில் மன்னராட்சி கவிழ்ந்ததும் கோடிக்கணக்கான டாலர் கொட்டப்பட்டது. 12,000 அடி ஓடுபாதை அமைந்தது. 1991 வளைகுடாப் போர், 2001 ஆப்கானிஸ்தான், 2003 ஈராக் என மூன்று போர்களிலும் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. தீவின் வடிவத்தை வைத்து 'சுதந்திரத்தின் காலடித் தடம்' என்று அமெரிக்கப் படையினர் அதற்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

கொடி பிரிட்டிஷ் கொடி. ஆணையர் லண்டனில். தீவில் பிரிட்டனின் பிரதிநிதிகளாகச் சிறு கடற்படைக் குழு. மற்றபடி எல்லாம் அமெரிக்கமயம். நினைத்தால் வீட்டுக்காரருக்கே உள்ளே நடப்பது தெரியாமல் போகலாம். அப்படித்தான் நடந்தது. பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவர்களை இரகசியமாக ஏற்றிச்சென்ற சிஐஏ விமானங்கள் அங்கே இறங்கவே இல்லை என்று லண்டன் பலமுறை மறுத்துவந்தது. 2008 பிப்ரவரி 21-ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் நாடாளுமன்றத்தில் எழுந்து, 2002-இல் அப்படி இரண்டு விமானங்கள் டியகோ கார்சியாவில் எரிபொருள் நிரப்பிச் சென்றதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

நீதிமன்றப் படிகள்

ரீத்தாவின் மகன் ஒலிவியே பாங்கூல் மின்பணியாளராக வளர்ந்தார். லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2000 நவம்பர் 3-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு பிரதேசத்தின் அமைதி, ஒழுங்கு, நல்லாட்சிக்காகச் சட்டம் இயற்றலாம் என்ற அதிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிரதேசத்தின் மக்களையே வெளியேற்ற முடியாது. மக்கள் ஆளப்பட வேண்டியவர்களே தவிர அகற்றப்பட வேண்டியவர்கள் அல்லர் என்பது நீதிபதிகளின் நியாயம். 1971-ஆம் ஆண்டுத் தடை செல்லாது என்றானது. வெளியுறவு அமைச்சர் ராபின் குக் மேல்முறையீடு செய்யவில்லை. ஆனால் டியகோ கார்சியாவுக்கு மட்டும் தடை தொடர்ந்தது.

அந்த மகிழ்ச்சிக்கும் ஆயுள் குறைவு. 2004 ஜூன் மாதம் அரச கட்டளை என்னும் பழைய ஆயுதத்தை மீண்டும் எடுத்து, எல்லாத் தீவுகளுக்கும் தடை போட்டது அரசாங்கம். உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் சாகோசியர்கள் வென்றார்கள். 2008 அக்டோபர் 22-ஆம் தேதி பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்கள். ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு மாறியிருந்தால் கதை வேறு.

2010-இல் சாகோஸ் கடல் முழுவதையும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாகப் பிரிட்டன் அறிவித்தது. பவளப்பாறையைக் காப்பது நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் மீன் பிடிக்க முடியாத தீவுக்கு யார் குடிவருவார்? இந்த ஏற்பாடு சாகோசியர்கள் திரும்பி வருவதைத் தடுக்கும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அமெரிக்கத் தூதரகத்திடம் பேசியது விக்கிலீக்ஸ் வழியாகக் கசிந்தது. 2015 மார்ச்சில் கடல் சட்ட நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு, மொரிஷியசின் உரிமைகளை மதிக்காததால் கடல் சட்டத்துக்கு முரணானது என்றது.

பிறகு வழக்கு ஹேக் நகருக்குப் போனது. அனைத்துலக நீதிமன்றம் என்றதும் நமக்குப் பத்து பூத்தே, சிங்கப்பூரர்கள் சொல்லும் பெட்ரா பிராங்கா, நினைவுக்கு வரும். 2008 மே 23-ஆம் தேதித் தீர்ப்பை இரு நாடுகளும் ஏற்க வேண்டியிருந்தது. வழக்கைக் கொண்டுபோக இரண்டும் சம்மதித்திருந்தன. சாகோஸ் விவகாரத்தில் பிரிட்டன் அப்படிச் சம்மதிக்கவில்லை. ஆகவே மொரிஷியஸ் வேறு வழி பார்த்தது. ஐ.நா. பொதுச்சபையே நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம். 2017 ஜூன் 22-ஆம் தேதி 94 நாடுகள் ஆதரிக்க, 15 நாடுகள் எதிர்க்க, கேள்வி அனுப்பப்பட்டது. 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி பதில் வந்தது. காலனியின் பிடியில் இருந்தவர்களிடம் 1965-இல் வாங்கிய சம்மதம் மக்களின் உண்மையான, சுதந்திரமான விருப்பம் ஆகாது. மொரிஷியசின் காலனித்துவ விடுவிப்பு சட்டப்படி நிறைவு பெறவில்லை. பிரிட்டன் தன் நிர்வாகத்தை இயன்றவரை விரைவாக முடித்துக்கொள்ள வேண்டும். 13 நீதிபதிகள் ஒரு பக்கம். மறுபக்கம் அமெரிக்க நீதிபதி ஒருவர் மட்டும். இது ஆலோசனைக் கருத்து என்பதால் பிரிட்டனைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் 2019 மே 22-ஆம் தேதி பொதுச்சபையில் 116 நாடுகள் அதன்படி நடக்கச் சொல்லி வாக்களித்தன; எதிர்த்தவை ஆறே நாடுகள். 2021 ஜனவரியில் மாலத்தீவு எல்லை வழக்கை விசாரித்த கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, சாகோஸ் மொரிஷியசுடையது என்பதை முடிந்த விஷயமாகவே எடுத்துக்கொண்டது.

வேலிக்குள் தமிழர்கள்

இந்த நேரத்தில்தான், யாரும் எதிர்பார்க்காத சிலர் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். 2021 அக்டோபர் மாதம் கனடாவை நோக்கிப் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதடைந்தது. அதில் இருந்தவர்கள் இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை அவர்களை டியகோ கார்சியாவுக்குக் கொண்டுவந்தது. காவலாளிகளும் வேலியும் சூழ்ந்த கூடார முகாமில் மூன்று ஆண்டுகள் கழிந்தன. அகதிகள் சாசனம் இந்தப் பிரதேசத்துக்கு நீட்டிக்கப்படவில்லை. குடிமக்கள் இல்லாத இடத்துக்கு அது எதற்கு என்று 1965-க்குப் பிறகு யாரும் கவலைப்படவில்லை.

ஆனால் காகிதத்தில் ஒரு காலனி என்றால் காகிதத்தில் ஓர் உச்ச நீதிமன்றமும் உண்டு. தமிழர்கள் அதன் கதவைத் தட்டினார்கள். 2024 ஜூலையில் நீதிபதி நேரில் தீவுக்கு வந்து விசாரிக்க ஏற்பாடானது. கடைசி நேரத்தில் அமெரிக்கா அனுமதியை விலக்கிக்கொண்டது. பிரிட்டிஷ் மண்ணில் பிரிட்டிஷ் நீதிபதி உட்கார அமெரிக்கத் தளபதியின் சம்மதம் தேவைப்பட்டது. தீவின் உண்மையான சட்ட நிலையைப் பற்றி எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. செப்டம்பரில் விசாரணை நடந்தது. டிசம்பர் 16-ஆம் தேதி நீதிபதி மார்கரெட் ஓபி, அவர்கள் சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள் என்று தீர்ப்பளித்தார். அதற்குச் சில நாள் முன்னரே பெரும்பாலோர் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார்கள்.

தந்தை விட்டதும் மகன் பெற்றதும்

2024 அக்டோபர் 3-ஆம் தேதி பிரிட்டனும் மொரிஷியசும் உடன்பாடு கண்டுவிட்டதாக அறிவித்தன. அடுத்த மாதம் மொரிஷியசில் ஆட்சி மாறியது. புதிய பிரதமர் நவீன் ராம்கூலம், 1965-இல் லங்காஸ்டர் மாளிகையில் உட்கார்ந்திருந்த சிவசாகர் ராம்கூலத்தின் மகன். அவர் பேரத்தைத் திரும்பத் திறந்தார். 2025 மே 22-ஆம் தேதி அவரும் பிரிட்டிஷ் பிரதமர் கியர் ஸ்டார்மரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். டியகோ கார்சியா உள்பட சாகோஸ் முழுவதற்கும் இறையாண்மை மொரிஷியசுக்கு. டியகோ கார்சியா தளம் மட்டும் 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டன் பொறுப்பில். அதற்காகப் பிரிட்டன் ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு கொடுக்கும். 1966-இல் வாடகையில்லாமல் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. சாகோசியர் நலனுக்கு 4 கோடி பவுண்டில் ஓர் அறநிதியும் உண்டு.

கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடாது. இரு நாடுகளும் தத்தம் சட்டப்படி உறுதிப்படுத்திய பிறகே உடன்படிக்கை உயிர்பெறும். 2025-இல் அதை வரவேற்ற வாஷிங்டனில் 2026 ஜனவரியில் சுருதி மாறியது. அதிபர் டோனல்ட் டிரம்ப் அதைப் பெரும் முட்டாள்தனம் என்று வெளிப்படையாகச் சாடினார். லண்டனில் எதிர்க்கட்சிகளும் பாதுகாப்பைக் காரணம் காட்டி எதிர்த்தன.

சாகோசியர்களுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. ஒலிவியே பாங்கூல் உடன்படிக்கையை ஆதரிக்கிறார். இங்கிலாந்தில் குடியேறிய பலரோ, எங்களைக் கேட்காமல் இன்னொரு முறை கைமாற்றுகிறார்கள் என்கிறார்கள். கையெழுத்து நாளன்று, டியகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்மணிகள் நள்ளிரவுக்குப் பின் நீதிபதியிடம் போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள். நண்பகலில் அது நீக்கப்பட்டது. சற்று நேரத்தில் கையெழுத்தும் முடிந்தது. அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1965-இல் அந்த மக்களுக்கு மேசையில் நாற்காலி போடவில்லை. 2025-இலும் பேச்சு இரண்டு அரசாங்கங்களுக்கு இடையில்தான் நடந்தது.

உடன்படிக்கைப்படி மொரிஷியஸ் மக்களைத் திரும்பக் குடியமர்த்தலாம், டியகோ கார்சியாவைத் தவிர்த்து. 2006 ஏப்ரலில் சுமார் நூறு சாகோசியர்களைப் பிரிட்டன் கப்பலில் அழைத்துப்போய்ச் சில மணி நேரம் அந்தத் தீவில் இறங்க விட்டது. கிழக்கு முனையில் பழைய தேவாலயத்தருகே புல் மண்டிய கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்துவிட்டு, அன்றே கப்பலேறினார்கள். காயலின் மறுகரையில் தளத்துக்குச் சமைப்பதும், பெருக்குவதும், பழுதுபார்ப்பதும் பெரும்பாலும் பிலிப்பைன்சிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்கு அங்கே தங்க அனுமதிச் சீட்டு உண்டு.